அப்பாவின் வீல்சேரும் டில்டன் பார்க்கின் நிமிட்ஸ் பாதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் வலது காலும் அவருக்குச் சரியாக வராது, வீட்டுக்குள் கைத்தடி, வெளியே போனால் வீல்சேர். அந்த ஆறு மாதத்தில் பதினோரு முறை அவரை நிமிட்ஸ் பாதைக்கு அழைத்துப் போனேன். இதைத் தெரிந்தவர்களிடம் சொல்லப்போய், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

முதலில், இது எங்கே இருக்கிறது?

கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் பெர்க்லி நகரத்துக்குப் பின்னால் இருக்கும் மலைத்தொடரில் டில்டன் ரீஜனல் பார்க் இருக்கிறது. ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த 1934-ல் இந்தப் பகுதி மக்கள் வாக்களித்து, தங்கள் வரிப்பணத்தில் பூங்கா வேண்டும் என்று தொடங்கிய அமைப்பு அது. இன்று அலமேடா, கான்ட்ரா கோஸ்டா என்ற இரண்டு கவுண்டிகளிலும் சேர்த்து எழுபதுக்கு மேல் பூங்காக்கள் அவர்கள் கையில்.

டில்டனின் மலைமுகட்டில் இன்ஸ்பிரேஷன் பாயிண்ட் என்று ஒரு பார்க்கிங் இருக்கிறது. நிமிட்ஸ் பாதை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பசிபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ் ஓய்வுக்குப் பிறகு பெர்க்லியில் குடியிருந்தார், இந்த முகட்டில் நடப்பது அவருக்குப் பிடித்தமான விஷயம். காட்டுப்பூ விதைகளைக் கொண்டுபோய் வழியெல்லாம் தூவிக்கொண்டே நடப்பாராம். அதனால்தான் இந்தப் பெயர்.

வீல்சேர் நிஜமாகவே போகுமா? எவ்வளவு தூரம்?

போகும். சுமார் 4 மைல் தூரத்துக்குத் தார் போட்ட பாதை, போய்த் திரும்பினால் 8 மைல். அகலமும் தாராளம், இரண்டு வீல்சேர்கள் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம். ஆனால் சமதளம் என்று நினைத்துவிடாதீர்கள். மலைமுகட்டை ஒட்டியே போவதால் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். போகும்போது சுகமாக இறங்கிய இடம் வரும்போது ஏற்றம், அந்த நேரத்தில் தள்ளுகிறவருக்குக் கை சோர்ந்திருக்கும். எங்கள் வீட்டு விதி இதுதான்: உடம்பில் பாதித் தெம்பு தீரும்போது திரும்பக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு தீரும்போதே திரும்பிவிட வேண்டும்.

முதல் தடவை அரை மைல் போதும். இந்தப் பாதையில் ஒரு பெரிய நிம்மதி, காட்சிக்காக எங்கோ போய்ச் சேர வேண்டியதில்லை. பார்க்கிங்கிலேயே கிழக்குப் பக்கம் சான் பாப்லோ, பிரையோன்ஸ் நீர்த்தேக்கங்களும் அவற்றுக்குப் பின்னால் டையாப்ளோ மலையும் தெரியும். கொஞ்சம் உள்ளே போனால் மேற்கே வளைகுடா.

"வீல்சேர் போகும்" என்று போர்டு இருந்தால் நம்பிப் போகலாமா?

நான் அப்படி ஒரு தடவை நம்பிப் போனேன். அது இந்தப் பூங்கா இல்லை, வேறு ஓர் இடம். நீல நிற வீல்சேர் படம் போட்ட போர்டு, அழகான தொடக்கம். கொஞ்ச தூரம் போனதும் பாதை வளைந்தது, வளைவைத் தாண்டினால் தளர்ந்த சரளைக்கல். முன்னாலிருக்கும் சின்னச் சக்கரம் இரண்டும் உள்ளே புதைந்து நாற்காலி முன்பக்கம் குனிந்தது. பெல்ட் போட்டிருந்ததால் அப்பா விழவில்லை. ஆனால் நல்லாயிருக்கும் இடது கையால் கைப்பிடியை அவர் பிடித்த பிடியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. காருக்கு வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மூன்று வாரம் "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்ல இருக்கேன்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்ததில் ஒன்று புரிந்தது. எங்களிடம் தைரியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, தகவல்தான் இல்லை. "போகும்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. யாருக்குப் போகும்? எந்த நாற்காலிக்கு? மழை பெய்த மறுநாளும் போகுமா? ஆகவே எந்தப் பூங்காவாக இருந்தாலும் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள்: தரை என்ன, ஏற்றம் எத்தனை சதவீதம், பக்கச் சரிவு எத்தனை, மிகக் குறுகலான இடம் எவ்வளவு அகலம், கழிப்பறை எங்கே. அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டால் பெரும்பாலும் பொறுமையாகவே சொல்வார்கள்.

அதற்கு அளவுகோல் ஏதாவது இருக்கிறதா?

அமெரிக்க மத்திய அரசு நிலங்களுக்கு 2013-ல் வெளியான விதிமுறைகள் இருக்கின்றன. ரீஜனல் பார்க்குகளை அவை நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல அளவு கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், பாதை குறைந்தது 36 அங்குல அகலம் இருக்க வேண்டும், தரை கெட்டியாகவும் நகராமலும் இருக்க வேண்டும். 5 சதவீத ஏற்றம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். 8.33 சதவீதம், அதாவது 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்றால், தொடர்ந்து 200 அடிக்கு மேல் கூடாது. 10 சதவீதம் 30 அடிக்கு மேல் கூடாது, 12 சதவீதமோ வெறும் 10 அடிதான். ஒவ்வொன்றின் முடிவிலும் நின்று மூச்சு வாங்கச் சமமான இடம் வேண்டும்.

இந்த எண்களைக் கைக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அப்பா, நாற்காலி, பை எல்லாம் சேர்த்துச் சுமார் 80 கிலோ. 5 சதவீத ஏற்றத்தில் அது பின்னால் உருளாமல் இருக்க மட்டுமே 4 கிலோவுக்குச் சமமான அழுத்தத்தை நான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 8.33 சதவீதத்தில் அது 6.7 கிலோ, 12 சதவீதத்தில் 9.6 கிலோ, கிட்டத்தட்ட ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையைக் கீழே வைக்காமல் ஏந்திக்கொண்டே நடப்பது போல. தரையின் உராய்வைச் சேர்க்காத கணக்கு இது. தள்ளுகிறவர் அறுபது வயது அம்மா என்றால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அளக்கத் தனிக் கருவி வேண்டாம். போனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கும், தரையில் வைத்தால் டிகிரி காட்டும். 5 சதவீதம் என்பது ஏறக்குறைய 3 டிகிரி, 8.33 சதவீதம் 5 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே.

பக்கச் சரிவு என்கிறீர்களே, அது என்ன?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பாதான். அவர் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நிமிட்ஸ் பாதைக்கு நாங்கள் போன இரண்டாவது தடவை, நாற்காலி விடாமல் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போனது. சக்கரத்தில்தான் ஏதோ கோளாறு என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தரையைப் பார்த்தார். "தம்பி, சக்கரத்துல ஒண்ணுமில்ல. ரோட்ல கேம்பர் இருக்கு. தண்ணி வடியறதுக்காகப் போட்டது, அது அப்படித்தான் இருக்கணும். நீ நடு ரோட்டுக்கு வா" என்றார். நடுவுக்கு வந்ததும் நாற்காலி நேராகப் போனது. பக்கவாதம் வந்த பிறகு எனக்கு அவர் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பாதையைப் பார்த்து அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே வருவார்.

பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான் பக்கச் சரிவு. நடக்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. வீல்சேரில் ஒரு கை தொடர்ந்து கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும், உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் ஒரு பக்கம் சரியும். தாங்களே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏற்றத்தைவிட இதுதான் பெரிய தொல்லை. தார்ப்பாதையில் 2 சதவீதத்துக்குள், மண்பாதையில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த விதிமுறைக் கணக்கு.

எந்த வீல்சேர் எடுத்துப் போகலாம்?

ஏர்போர்ட்டில் பார்ப்போமே, நாலு சக்கரமும் சின்னதாக இருக்கும் மடக்கு நாற்காலி, அது வேண்டாம். கார் டிக்கியில் வைக்கச் சுலபம், ஆனால் ஒரு சின்ன விரிசலில்கூட மாட்டிக்கொள்ளும். பின்சக்கரம் 24 அங்குலம் இருக்கட்டும், முன்சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, 8 அங்குலம் இருந்தால் தார்ப்பாதைக்குத் தாராளமாகப் போதும். இடுப்பு பெல்ட் கட்டாயம். பின்னால் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் டயர் என்றால் கிளம்பும் முன் அழுத்திப் பாருங்கள். பாதி காற்றோடு மலையில் தள்ளுவது தண்டனை. மண்பாதைக்கும் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஃப்ரீவீல் மாதிரி கூடுதல் சக்கரம் கிடைக்கிறது, அதைக் கால்பலகையில் மாட்டினால் சின்ன முன்சக்கரங்கள் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளும்.

இறக்கத்தில் பயமாக இருக்காதா?

இருக்கும், இருக்கவும் வேண்டும். செங்குத்தான இடம் என்றால் நாற்காலியைத் திருப்பிவிட்டு, நீங்கள் கீழ்ப்பக்கம் பின்னோக்கி நடந்து, அவர் முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி மெதுவாக இறங்குங்கள். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழப் பார்ப்பார். திருப்பும் முன் "இப்போ திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்புங்கள், சொல்லாமல் நாற்காலியில் கை வைக்கவே கூடாது. அது அவருடைய கால் மாதிரி. நிற்கும்போது இரண்டு பிரேக்கையும் போடுங்கள், படம் எடுக்க ஐந்து விநாடிதான் என்றாலும்.

கழிப்பறை?

எல்லாரும் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான். இன்ஸ்பிரேஷன் பாயிண்ட் பார்க்கிங்கில் கழிப்பறை இருக்கிறது. கிளம்பும் முன் போய்விட்டு, அதைச் சுற்றியே தூரத்தைத் திட்டமிடுங்கள். பூங்காக் கழிப்பறையில் வீட்டில் இருக்கும் வசதியெல்லாம் இருக்காது. கைதுடைப்பான், கையுறை, மாற்றுத் துணி எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெரியவர்கள் நிறைய பேர், வெயிலில் அது ஆபத்து. அப்பாவும் அப்படித்தான் செய்தார், நான் மூன்றாவது தடவைதான் கண்டுபிடித்தேன். பெரியவர்களுக்கான டயப்பர் போட்டுக்கொள்ள அவர் சம்மதித்ததும் எங்கள் தூரம் இரண்டு மடங்கானது. குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

இன்னொன்று, நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும், உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது வருவதே தெரியாது. அரை மணிக்கு ஒரு தடவையாவது நிறுத்தி, சாய்ந்தோ எழும்பியோ உடம்பின் எடையை மாற்றி உட்கார வையுங்கள். நல்ல மெத்தை போடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலை முழுக்கப் பச்சை, பூவும் இருக்கும். மே முடிந்தால் புல் காய்ந்து பொன்னிறமாகிவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கோடை என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும், முகட்டில் காற்று அள்ளிக்கொண்டு போகும். இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். தள்ளுகிற எனக்கு வேர்க்கும், நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவேன். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறார், அவர் உடம்பில் சூடே பிறக்கவில்லை. "குளுருதாப்பா?" என்று கேட்டால் "இல்ல" என்பார். கையைத் தொட்டுப் பார்த்தால் ஐஸ். அதிலிருந்து குரங்குத் தொப்பி, சால்வை, காலுக்கு ஒரு போர்வை.

வழியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குள் சவுத் பார்க் டிரைவ் என்ற சாலையை நவம்பர் முதல் மார்ச் வரை கார்களுக்கு மூடிவிடுவார்கள். நியூட் என்ற, பல்லி மாதிரி இருக்கும் குட்டி உயிரிகள் முட்டையிட நீர்நிலைக்குச் சாலையைக் கடந்து போகும் காலம் அது. ஒரு சின்ன உயிருக்காக ஐந்து மாதம் சாலையையே மூடுகிறார்கள் என்று கேட்டு அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இன்ஸ்பிரேஷன் பாயிண்டுக்கு வைல்ட்கேட் கேன்யன் ரோடு வழியாகப் போகலாம், ஓரிண்டா பக்கமிருந்தும் ஏறலாம்.

மாடு, பாம்பு, சைக்கிள்?

மாடுகள் மேயும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாதீர்கள், அது நம் ஊரிலும் அப்படித்தானே. பாதையில் சாணி கிடக்கும், சக்கரத்தில் அப்பினால் சக்கரத்தைக் கையால் உருட்டுகிறவரின் கையில் அப்பும், கையுறை போடச் சொல்லுங்கள். ராட்டில் பாம்பு என்ற விஷப்பாம்பு உள்ள மலைதான் இது. பாதை நடுவிலேயே, தரையைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

எனக்கு உண்மையான கவலை பாய்சன் ஓக் செடி. மூன்று மூன்று இலையாக, பளபளப்பாக, பாதை ஓரத்திலேயே வளரும். அதன் எண்ணெய் பட்டால் அரிப்பும் கொப்புளமும். ஓரத்தில் ஒதுங்கி நிறுத்தும்போது சக்கரத்தில் பட்டு, அங்கிருந்து கைக்கு வரும். வீட்டுக்கு வந்ததும் சக்கரத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்" என்று கத்திக்கொண்டு வருவார்கள். இடப்பக்கமாகத் தாண்டப்போகிறேன் என்று அர்த்தம், நீங்கள் வலப்பக்கம் ஒதுங்கினால் போதும்.

எலெக்ட்ரிக் வீல்சேரை அனுமதிப்பார்களா?

அனுமதிப்பார்களா என்ற கேள்விக்கே இடமில்லை. மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட வீல்சேர், கையால் தள்ளுவதோ பேட்டரியில் ஓடுவதோ, ஆட்கள் நடக்கிற எல்லா இடத்துக்கும் போகலாம். இது அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள உரிமை. மற்ற மோட்டார் வண்டிகளுக்குத்தான் பூங்கா தனித்தனியாக விதி வைத்துக்கொள்ளலாம். பேட்டரி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: ஏற்றத்திலும் குளிரிலும் சீக்கிரம் தீரும், கம்பெனிக்காரர் சொல்லும் தூரம் சமதரைக் கணக்கு.

அந்தச் சட்டம் 1990-ல் வந்தது, ஆனால் அதற்கு விதை விழுந்த ஊர்களில் ஒன்று இதே மலையின் அடிவாரத்தில் இருக்கும் பெர்க்லி. போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தங்க வேறு இடம் இல்லாமல் பல்கலைக்கழக மருத்துவமனையில்தான் அவருக்கு அறை கிடைத்தது. அவரும் நண்பர்களும் சேர்ந்து 1972-ல் தொடங்கிய சுயவாழ்வு மையம் உலகத்துக்கே முன்மாதிரியானது. 1977-ல் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசு அலுவலகத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்து மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்து உட்கார்ந்தார்கள். நாம் இன்று காரை நிறுத்தி இறங்கியதும் எதிரே படி இல்லாமல் சரிவு இருக்கிறதே, அது யாரோ அப்படி உட்கார்ந்ததால் வந்தது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது "அப்ப இது இரக்கப்பட்டுக் குடுத்ததில்ல" என்றார்.

நீல நிறப் பார்க்கிங்கில் நிறுத்தலாமா?

அதற்கான அட்டை இருந்தால் மட்டும். டாக்டர் சான்றோடு டிஎம்வி என்ற வாகனப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை மனிதருக்குத்தான், காருக்கு இல்லை, அவர் வராத நாளில் அதை மாட்டிக்கொண்டு நிறுத்துவது குற்றம். பக்கத்தில் கோடு போட்ட காலி இடத்தில் யாரும் நிறுத்தாதீர்கள், வேனிலிருந்து சாய்பலகை இறங்க விட்டிருக்கும் இடம் அது.

அப்பா, அம்மா வரவே மாட்டேன் என்கிறார்களே?

இதற்கு என்னிடம் மருந்து இல்லை, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். "உனக்கு எதுக்குக் கஷ்டம்" என்பதுதான் வெளியே வரும் வாக்கியம். உள்ளே இருப்பது வேறு: நாலு பேர் பார்ப்பார்கள், பாதி வழியில் கழிப்பறை வந்துவிடும், மறுபடி குப்புற விழப் பார்ப்போம். சமாதானம் சொல்வதை நிறுத்திவிட்டுத் தகவலைச் சொன்னேன். நான் தனியாக ஒரு நாள் போய் பாதையை முழுக்க வீடியோ எடுத்து வந்து, தரை இப்படி, கழிப்பறைக் கதவு இவ்வளவு அகலம், இந்த வளைவோடு திரும்பிவிடலாம் என்று காட்டினேன். அவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "இந்த ஒட்டுப்போட்ட எடம் வரைக்கும் போலாம்" என்று எல்லையை அவரே போட்டார். எல்லையை அவர் போட விட்டதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். அவர் திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும், "இன்னும் கொஞ்சம்தான்பா" என்று இழுக்கவே கூடாது.

இதைவிடச் சுலபமான பாதை இருக்கிறதா?

இருக்கிறது. ஃப்ரீமான்ட் பக்கம் இருப்பவர்களுக்கு கயோட்டி ஹில்ஸ், அங்கே குன்றைச் சுற்றி சுமார் மூன்றரை மைல் தார்ப்பாதை. சதுப்பு நிலப் பக்கம் சமமாக இருக்கும், வளைகுடாப் பக்கம் ஏற்றம் உண்டு, பறவை பார்க்க அருமையான இடம். அங்கிருந்தே அலமேடா க்ரீக் பாதையின் தென்கரைக்குப் போய்விடலாம், அதுவும் தார்தான், கிட்டத்தட்ட மட்டம். டப்ளின், சான் ரமோன் பக்கம் என்றால் அயர்ன் ஹார்ஸ் பாதை. பழைய ரயில் தடத்தின் மேல் போட்டது, ரயில் ஏற முடிகிற சரிவுதானே இருக்கும், தள்ளுவதற்கு அதைவிடச் சுகம் கிடையாது. காட்சி டில்டன் மாதிரி இருக்காது, ஆனால் முதல் தடவைக்கு நல்லது.

கடைசியில் 4 மைலும் போய்விட்டீர்களா?

இல்லை. எங்கள் அதிகபட்சம் போகும் வழியில் ஒன்றே முக்கால் மைல், ஒன்பதாவது தடவை. அன்று மூடுபனி கீழே வளைகுடாவை மூடியிருந்தது, மேலே வெயில். ஒரு செவ்வால் பருந்து காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நின்றது. முகடு என்பதால் அது தலைக்கு மேலே இல்லை, அப்பாவின் கண் மட்டத்துக்கு நேரே. இறகு ஓரம் துடிப்பது வரை தெரிந்தது. நான் போனை எடுத்தேன், அப்பா இடது கையைத் தூக்கி வேண்டாம் என்றார். அது போன பிறகு பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, பாதையின் ஓரத்தைக் காட்டி, "இங்க ஷோல்டர் மண்ணு அரிச்சிருக்கு பாரு, அடுத்த மழைக்குள்ள போட்டுடணும், போன் பண்ணிச் சொல்லு" என்றார். மறுநாள் போன் செய்து சொன்னேன்.